யாருக்கும் வாசிக்கத் தெரியாத பெயர்

ஜப்பானிய மொழியில் ஒருவரின் பெயரை எழுதும்போது குடும்பப் பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் நடுவே இடம் விடுவதில்லை. எது எங்கே முடிகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும். ஹஜிமே மொரியாசுவின் பெயர் மூன்றே எழுத்து. முதல் எழுத்துக்குக் காடு என்று பொருள். இரண்டாவதற்குக் காத்தல். மூன்றாவது, 'ஒன்று' என்பதைக் குறிக்கும் வெறும் கோடு. முதல் இரண்டும் சேர்ந்தால் மொரியாசு, கடைசிக் கோடு ஹஜிமே. 1992-ல் ஜப்பான் தேசியக் கால்பந்து அணிப் பட்டியலில் அந்தப் பெயர் வந்தபோது பலருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. முதல் எழுத்தை மட்டும் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'மோரி ஹோயிச்சி' என்று படித்துவிட்டார்கள். அந்த ஹோயிச்சி திரிந்து 'போய்ச்சி' ஆனது. அவருடைய பட்டப்பெயராக இன்றுவரை நிலைத்தும் விட்டது.

தேசிய அணிக்கு வரும் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொந்த நாட்டிலேயே தப்பாக வாசிக்கிறார்கள் என்றால் அதுவரை அவர் எவ்வளவு கண்ணில் படாமல் இருந்திருக்க வேண்டும்! எனக்கு மொரியாசுவின் மீது பிடிப்பு வந்தது இந்த இடத்தில்தான். நான் கால்பந்து ஆடிய பள்ளி நாட்களில் என்னை நிறுத்திய இடமும் அவர் ஆடிய அதே இடம். நடுக்களத்தின் பின்பகுதி, தற்காப்பு வரிசைக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஆடுபவன் கோல் போட மாட்டான். அழகான கடைசிப் பாஸும் அவனுடையதாக இருக்காது. அடுத்தவன் முன்னால் ஓடும்போது அவன் விட்டுப்போன இடத்தைப் போய் அடைப்பதுதான் வேலை. நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒருமுறை தவறினால் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

மொரியாசு 1968-ல் ஷிசுவோக்கா மாகாணத்தில் பிறந்து, நாகசாகியில் வளர்ந்தவர். பள்ளிக் கால்பந்துக்கு ஜப்பானில் பெரிய மதிப்பு உண்டு. தேசியப் பள்ளிப் போட்டியில் பெயர் வாங்கினால் எதிர்காலம் திறந்துவிடும். ஆனால் நாகசாகியில் அப்போது குனிமி போன்ற பலமான பள்ளிகள் இருந்தன. அவர்களைத் தாண்டி மொரியாசுவின் பள்ளி தேசியப் போட்டிக்குப் போகவே இல்லை. அப்படிப்பட்ட பையனைக் கவனித்தவர் ஹிரோஷிமாவின் மாஸ்டா கார் நிறுவனத்துக் கால்பந்து அணியை நடத்திய கசுவோ இமானிஷி. சிறுவயதில் அணுகுண்டு வீச்சில் காலில் தீக்காயம் பட்டும் பிற்பாடு கால்பந்து ஆடியவர் அவர். அவர் மொரியாசுவை எடுத்துக்கொண்டார். ஆனால் தலைமை நிறுவனத்தில் சேர்க்க இடம் போதவில்லை என்று துணை நிறுவனம் ஒன்றில்தான் வேலை கொடுக்க முடிந்தது. வருடம் 1987. தொழில்முறை லீக் வருவதற்கு முந்தைய காலம். ஆட்டக்காரர்கள் நிறுவன ஊழியர்களாக வேலை பார்த்துவிட்டு, பிறகு பயிற்சிக்குப் போவார்கள். முதல் அணியில் இடம் பிடிக்கவே மொரியாசுவுக்குச் சில வருடங்கள் ஆயின.

மாஸ்டாவில் அப்போது பயிற்சியாளராக இருந்தவர் ஹான்ஸ் ஓஃப்ட் என்ற டச்சுக்காரர். 1992-ல் இதே ஓஃப்ட் ஜப்பான் தேசிய அணியின் முதல் வெளிநாட்டு முழுநேரப் பயிற்சியாளராக வந்தார். வந்ததும் யாருக்கும் வாசிக்கத் தெரியாத அந்தப் பெயரைப் பட்டியலில் எழுதினார். முதல் ஆட்டமே அர்ஜென்டினாவோடு. ஜப்பான் 0-1 என்று தோற்றாலும் மொரியாசுவின் இடம் அதன்பிறகு கேள்விக்கு உள்ளாகவில்லை.

அந்த அணியின் மூளை ரூய் ராமோஸ். பிரேசிலில் பிறந்து ஜப்பான் குடிமகனானவர். பந்து அவர் காலில் இருந்தால் அணி முழுக்க முன்னால் நகரும். முப்பதைத் தாண்டிய ராமோஸ் அப்படித் தாராளமாக ஆட வேண்டுமென்றால் அவருக்குப் பின்னால் ஒருவர் ஓயாமல் ஓட வேண்டும். அதுதான் மொரியாசு. ஜப்பானில் இந்த இடத்து ஆட்டக்காரரை 'பொரான்ச்சி' என்பார்கள். போர்ச்சுக்கீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு அது, காரின் ஸ்டீயரிங் என்று பொருள். அந்தச் சொல் ஜப்பானியர் வாயில் புழங்கத் தொடங்கியதும் மொரியாசுவின் காலத்தில்தான். கார் கம்பெனி அணியிலிருந்து வந்தவருக்கு இப்படி ஒரு பெயர் அமைந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த வருடக் கடைசியில் ஹிரோஷிமாவிலேயே நடந்த ஆசியக் கோப்பையை ஜப்பான் முதன்முறையாக வென்றது.

அப்புறம் தோஹா.

1994 உலகக் கோப்பைக்கு ஆசியாவிலிருந்து இரண்டே இடம். கடைசிச் சுற்றில் ஆறு அணிகள், எல்லா ஆட்டங்களும் கத்தாரின் தோஹாவில். ஜப்பான் சவூதியோடு டிரா, ஈரானிடம் தோல்வி, வட கொரியாவை 3-0, பிறகு தென் கொரியாவை 1-0. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் பட்டியலில் முதலிடம். 1993 அக்டோபர் 28 அன்று இராக்கை வென்றால் போதும், வரலாற்றில் முதன்முறையாக உலகக் கோப்பை. கசுயோஷி மியூரா ஐந்தாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். இரண்டாம் பாதியில் இராக் சமன் செய்தது. 69-வது நிமிடத்தில் மசாஷி நக்கயாமா, 2-1. ஜப்பானில் அப்போது நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒளிபரப்பின் பார்வை வீதம் 48.1 விழுக்காடு, டிவி டோக்கியோ நிறுவனத்தின் வரலாற்றில் அதுதான் உச்சம். நாட்டில் பாதிப் பேர் தூங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம் ஓடுகிறது. இராக்குக்குக் கார்னர். எல்லோரும் பந்து நேராகப் பெட்டிக்குள் வரும் என்று நிற்க, இராக் பந்தைப் பக்கத்திலேயே குட்டையாகத் தட்டியது. மியூரா ஓடிப்போய்க் காலை நீட்டினார், எட்டவில்லை. உள்ளே வந்த பந்தை ஜாஃபர் ஓம்ரான் தலையால் தொட்டார். வேகமே இல்லாத பந்து. மெதுவாக வளைந்து போய் வலைக்குள் விழுந்தது. ஏற்கெனவே மாற்றப்பட்டு வெளியே நின்றிருந்த நக்கயாமா அங்கேயே சரிந்து விழுந்தார். விசில் ஊதிய பிறகு நீல உடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புல்லில் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கவில்லை. அவர்களில் 25 வயது மொரியாசுவும் ஒருவர், ஆட்டம் முழுக்க ஆடியவர். சவூதியும் தென் கொரியாவும் உலகக் கோப்பை நடந்த அமெரிக்காவுக்குப் போயின. கொரியாவும் ஜப்பானும் ஆறு புள்ளிகளில் சமம், கோல் வித்தியாசத்தில் கொரியா முந்திவிட்டது. ஒரே நிகழ்வைக் கொரியர்கள் 'தோஹா அதிசயம்' என்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு அது 'தோஹா துயரம்'.

நான் அந்தக் காட்சிப் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் கோலுக்கு முந்தைய சில நிமிடங்களில்தான் நிற்கும். ஜப்பான் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தத் தெரியாமல் தவிக்கிறது. முன்னேறவும் மனமில்லை, பின்வாங்கவும் மனமில்லை. வரிசை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கோலை நோக்கிச் சரிகிறது. தொழில்முறை லீக் தொடங்கி ஐந்தே மாதம் ஆன நாடு அது. கடைசி ஐந்து நிமிடங்களை எப்படி ஆடுவது என்பது அவர்களுக்கு அன்னிக்கு யாரும் சொல்லித்தராத பாடம்.

உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு மொரியாசுவுக்கு அதன்பிறகு வரவில்லை. 1998-ல் ஜப்பான் முதன்முறையாகப் போனபோது அவர் அணியில் இல்லை. 35 ஆட்டம், ஒரே ஒரு கோல், இதுதான் தேசிய அணியில் அவருடைய கணக்கு. மாஸ்டா அணி லீக் காலத்தில் சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா ஆகியிருந்தது. அங்கேயே பெரும்பகுதி ஆடினார், நடுவில் கியோட்டோ, கடைசியில் செண்டாய். 2004 தொடக்கத்தில் ஓய்வு.

ஓய்வுக்குப் பிறகு அவர் உடனே பெரிய நாற்காலியில் உட்காரவில்லை. இளையோர் பயிற்சி, 20 வயதுக்குட்பட்டோர் அணியில் உதவி, ஹிரோஷிமாவில் தலைமைப் பயிற்சியாளர் மிஹாய்லோ பெட்ரோவிச்சுக்குக் கீழே, பிறகு நிகாட்டாவில் மறுபடி இரண்டாம் இடம். எட்டு வருடம் இப்படி. 2012-ல் பெட்ரோவிச் உராவா அணிக்குப் போனபோதுதான் ஹிரோஷிமா அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது.

இங்கே அவர் செய்ததை நான் மிகவும் மதிக்கிறேன். புதிதாக வருபவர்கள் வழக்கமாக முந்தையவர் வைத்த எல்லாவற்றையும் கலைத்துத் தன் முத்திரையைப் பதிக்கப் பார்ப்பார்கள். மொரியாசு பெட்ரோவிச்சின் மூவர் தற்காப்பு அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார். அழகாகத் தாக்கி ஆடும் அணி, ஆனால் பின்னால் ஓட்டை. அந்த ஓட்டையை மட்டும் அடைத்தார். ஆட்டக்காரராக இருந்தபோது ராமோஸுக்குப் பின்னால் செய்த அதே வேலை! முதல் வருடமே ஹிரோஷிமா தன் முதல் தொழில்முறை லீக் பட்டத்தை வென்றது. அடுத்த வருடமும். 2013-ல் 34 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 29 மட்டும், லீக்கிலேயே குறைவு. கடைசி நாளில் கஷிமாவைப் போய் வென்று, யோகோஹாமா தோற்றதால் ஒரே ஒரு புள்ளியில் கோப்பை. இதற்கிடையே நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் பணக்கார அணிகளுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள், உராவாவுக்கே மூன்று நான்கு பேர். கிடைத்தவர்களை வைத்துக்கொண்டு 2015-லும் பட்டம். நான்கு வருடத்தில் மூன்று.

அந்த 2015 பட்டத்தில் ஒரு பையனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கம்பா ஒசாகாவுடனான இறுதியின் இரண்டாவது ஆட்டத்தில், பின்தங்கியிருந்த ஹிரோஷிமாவுக்கு மாற்று ஆட்டக்காரராக வந்து சமன் செய்தவர், 21 வயது தக்குமா அசானோ. மொரியாசு அவரை அந்த சீசன் முழுக்க இரண்டாம் பாதியில் இறக்கிக்கொண்டிருந்தார். எதிரணியின் கால்கள் தளரும் நேரத்தில் அந்தப் பையனின் வேகத்தை அவிழ்த்துவிடுவார். அசானோவிடம் திரும்பி வருகிறேன்.

2017-ல் ஹிரோஷிமா சரிந்தது. பெட்ரோவிச்சின் உராவாவிடம் 3-4 என்று தோற்று, 18 அணிகளில் 17-வது இடத்தில் இருந்தபோது மொரியாசு விலகினார். சில மாதங்களில் டோக்கியோ ஒலிம்பிக் அணியின் பொறுப்பு வந்தது. 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் ஜப்பான் பயிற்சியாளர் அகிரா நிஷினோவின் உதவியாளர். பெல்ஜியத்தை 2-0 என்று முந்தியிருந்த ஜப்பான், ஆட்டத்தின் கடைசி நொடிகளில் தன் கார்னரிலிருந்து கிளம்பிய எதிர்த்தாக்குதலில் 2-3 என்று தோற்றதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்தக் கோடையிலேயே முதன்மைத் தேசிய அணியும் அவர் கைக்கு வந்தது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2019 ஆசியக் கோப்பை இறுதியில் கத்தாரிடம் தோல்வி. ஒலிம்பிக்கில் அரையிறுதியில் ஸ்பெயினிடம் தோற்று, வெண்கலத்தையும் மெக்சிகோவிடம் விட்டு நான்காம் இடம். அடுத்த மாதம் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் சொந்த மண்ணில் ஓமானிடம் 0-1. அக்டோபரில் சவூதியிடம் 0-1. மூன்று ஆட்டங்களில் இரண்டு தோல்வி. பதவியை விட்டுப் போகச் சொல்லி நாடே கத்தியது. திட்டமே இல்லாதவர், கையில் சின்ன நோட்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே நிற்கிறாரே தவிர ஒன்றும் செய்வதில்லை என்றார்கள். அடுத்தது சைத்தாமாவில் ஆஸ்திரேலியா. தேசிய கீதம் ஒலிக்கும்போது கேமரா அவர் முகத்துக்குப் போனது, கண்கள் நிறைந்திருந்தன. அன்று அவர் நடுக்களத்தில் மூன்று பேரை நிறுத்தினார்: எண்டோ, மொரிட்டா, அவோ தனாக்கா. மூவரும் பின்னால் நின்று உழைக்கும் ரகம். நெருக்கடியில் அவர் நம்பியது தன்னைப் போன்றவர்களைத்தான். தனாக்காவே முதல் கோலைப் போட்டார், ஜப்பான் 2-1 என்று வென்றது. அதிலிருந்து வரிசையாக வெற்றி. 2022 மார்ச்சில் சிட்னியில் கவோரு மிட்டோமா கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட, உலகக் கோப்பைக்கு இடம் உறுதியானது.

உலகக் கோப்பை எங்கே? கத்தாரில்.

நவம்பர் 23, ஜெர்மனி. முதல் பாதி முழுக்க ஜப்பான் பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தது. பெனால்டியில் 0-1. அதோடு விட்டதே பெரிது. இடைவேளையில் மொரியாசு குபோவை எடுத்துவிட்டுத் தொமியாசுவைக் கொண்டுவந்து மூவர் தற்காப்புக்கு மாறினார், ஹிரோஷிமாவில் வருடக்கணக்காகப் பழகிய அமைப்பு. பிறகு தாக்கும் ஆட்களை ஒருவர் பின் ஒருவராக இறக்கினார். மிட்டோமா, அசானோ, டோவான், மினாமினோ. 75-வது நிமிடத்தில் டோவான் சமன் செய்தார். 83-வது நிமிடத்தில் தன் பாதியிலிருந்து இத்தாக்கூரா தூக்கி அடித்த பந்தை அசானோ ஒரே தொடுதலில் அடக்கி, தற்காப்பு ஆட்டக்காரர் தோளோடு தோள் ஒட்டி ஓடிவர, ஜெர்மனி கோல்கீப்பர் நோயரின் தலைக்கு மேலே குறுகிய மூலையில் அடித்தார். செப்டம்பரில் முழங்காலில் காயம்பட்டிருந்த அசானோவை ஏன் எடுத்தார் என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் எந்த நேரத்தில் எப்படி ஓடுவான் என்று பார்த்துக் குறித்துவைத்த மனிதருக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நடுவில் கோஸ்டா ரிக்காவிடம் ஒரு தோல்வி. அணியில் ஐந்து பேரை மாற்றியது அவர் தவறு என்றே எனக்குப் படுகிறது. அப்புறம் ஸ்பெயின். நமக்கு அது டிசம்பர் 2 அதிகாலை, 12:30 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். வீட்டில் எல்லோரும் தூங்க, போனில் ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். பந்து ஜப்பானிடம் இருந்தது 17.7 விழுக்காடு நேரம்தான். மறுபடி 0-1, மறுபடி இடைவேளை மாற்றங்கள், 48-ல் டோவான், 51-ல் தனாக்கா. மிட்டோமா கோட்டுக்கு வெளியே போனதுபோல் தெரிந்த பந்தை இழுத்து உள்ளே போட்ட அந்தக் கோல்தான். பிறகு நாற்பது நிமிடம் ஸ்பெயின் முட்டியது.

ஆட்டத்துக்குப் பிறகு மொரியாசு சொன்னார்: முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது 1993 ஞாபகம் வந்துவிட்டதாம். ஆனால் சரியாக அந்த நேரத்தில் தன் பையன்கள் பின்வாங்காமல் முன்னே ஓடிப் பந்தைப் பறிக்கப் போனார்களாம். காலம் மாறிவிட்டது என்று அப்போது தோன்றியதாம். நான் அதைப் படித்துவிட்டு அந்தக் கடைசி நிமிடங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். உண்மைதான். 1993-ல் சரிந்துகொண்டே போன வரிசை இங்கே முன்னால் நகர்கிறது.

குரோஷியாவுடன் 1-1, பெனால்டியில் தோல்வி. பெனால்டி அடிப்பவர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, யார் அடிக்கிறீர்கள் என்று கேட்டார். சில நொடி யாரும் பேசவில்லை. முதலில் கையைத் தூக்கியவர் தக்குமி மினாமினோ. அவருடைய அடியைக் குரோஷிய கோல்கீப்பர் லிவாக்கோவிச் தடுத்தார். மிட்டோமாவுடையதும், கேப்டன் யோஷிதாவுடையதும் போயின. ஆட்டக்காரர்களின் முடிவை மதிப்பது அவருடைய பலம். ஆனால் அந்த இடத்தில் பாரத்தை அவர் தன் தோளில் எடுத்திருக்க வேண்டும். எல்லோரும் போன பிறகு தனியாக நின்று, ரசிகர்கள் பக்கம் இடுப்பை வளைத்து நெடுநேரம் வணங்கினார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் என் கருத்து மாறவில்லை. அவர் மீதான அன்பும் குறையவில்லை.

அடுத்த வருடம் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஜெர்மனியை 4-1 என்று வென்றார்கள், மறுநாளே ஜெர்மனி தன் பயிற்சியாளரை நீக்கியது. 2024 தொடக்கத்தில் மறுபடி கத்தார், ஆசியக் கோப்பை. அங்கே இராக்கிடமே 1-2. காலிறுதியில் ஈரானிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் 1-2. அந்த இரண்டாம் பாதி முழுக்க ஜப்பான் தற்காப்பு திணறுவது வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. உள்ளே யாரையாவது இறக்குங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். மாற்றங்களைச் சரியாகச் செய்யாததுதான் தோல்விக்குக் காரணம் என்று பிறகு அவரே சொன்னார். பொறுத்துப் பார்க்கும் குணம் சில நாட்களில் காலம் கடத்துவதாகவும் ஆகிவிடுகிறது. தோஹா அவருக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆட்டங்களை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

2025 மார்ச்சில் பஹ்ரைனை 2-0 என்று வென்று, போட்டியை நடத்தும் மூன்று நாடுகளைத் தவிர முதலாவதாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அக்டோபரில் டோக்கியோவில் பிரேசில். ஜப்பான் அதுவரை ஒருமுறைகூட வெல்லாத பிரேசில். இடைவேளையில் 0-2. இரண்டாம் பாதியில் ஜப்பான் ஆளுக்கு ஆள் முன்னால் போய் நெருக்கியது, பிரேசிலின் தற்காப்பு தடுமாறியது, 52-வது நிமிடத்தில் தவறிப்போன பந்து ஒருவர் காலுக்கு வந்தது. நாக்கமுராவும் உயேதாவும் பிறகு போட்ட கோல்களில் ஆட்டம் 3-2 என்று முடிந்தது. ஆனால் எனக்கு அந்த முதல் கோல்தான் வேண்டும். கத்தாருக்குப் பிறகு 2023-ன் பெரும்பகுதி மொரியாசு அந்த ஆட்டக்காரரை அழைக்கவில்லை. அந்த வருட அக்டோபரில்தான் மறுபடி கூப்பிட்டார். பந்தை உள்ளே அடித்துவிட்டு ஓடியவர், மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த அமைதியில் முதலில் கையைத் தூக்கிய மினாமினோ.